சவரிராயனின் கிலி

மேடையில் இருந்தவர்கள் காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பதில்லை. ‘கிலி போட்டாச்சா’ என்றுதான் கேட்பார்கள். போட்டாச்சு என்று பதில் வந்தால் பக்கத்தில் போய் நின்று பேசலாம். பதில் வராமல் சிரிப்பு மட்டும் வந்தால், சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருத்துவ அறைக்கு ஓட வேண்டும். மனம் விட்டுச் சிரிக்கிற ஆள்தான் அடுத்து கடலில் இறங்குவான்.

அந்தக் கோளுக்குக் கம்பெனி வைத்திருந்த பெயர் நீலமணி. பெயர் வைத்தவர் மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் பார்த்திருக்க வேண்டும். முழுக்கத் தண்ணீர். கால் வைக்க ஒரு கைப்பிடி மண் கிடையாது. கடலடியில் ஊன்றிய இரும்புத் தூண்களின் மேல் ஒரு மேடை, அதில் முந்நூறு பேர், அதுதான் ஊர். கடல் பழகியவர்களாக வேண்டும் என்று கம்பெனி முதல் கப்பலுக்குத் தூத்துக்குடியிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் அலைந்து ஆள் எடுத்தது. கடல் பழகியவர்கள்தான் முதலில் செத்தார்கள். மற்றவர்களாவது விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்கள். இவர்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊர்க்கதை பேசியபடியே ஏணியில் இறங்கினார்கள்.

இரண்டாவது கப்பல் வந்தபோது, புதிதாக வந்தவர்களை மேடையின் ஒரே மருத்துவரான வேதவல்லி உணவுக்கூடத்தில் உட்கார வைத்துப் பேசினாள். மன்னார்குடிக்காரி. நாற்பது தாண்டியவள். எதையும் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி பொறுமையாகச் சொல்வாள்.

“இந்தக் கடல்ல மீன் கிடையாது. நூல் மாதிரி ஒண்ணு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. கடல் முழுக்க அதுதான். உடம்பு தண்ணியில பட்டா போதும், வெத்தலை போட்டு மெல்லுற நேரத்துல எலும்புகூட மிஞ்சாது.”

“அப்ப எறங்காம இருந்தாப் போச்சு” என்றான் ஒருவன்.

“அங்கதான் சிக்கல். அது ஒரு ஆவியை மேல விடுது. வண்டைக் கூப்பிடப் பூ வாசனை விடுற மாதிரி. தோல் வழியாவே உள்ள போயிடும், முகமூடி போட்டுப் பிரயோஜனம் இல்லை. காய்ச்சல் வராது, வலி வராது. பயம் மட்டும் போயிடும். பயமே இல்லாத மனுஷனுக்கு இந்தக் கடலைப் பார்த்தா எப்படித் தெரியும்கிறீங்க? சித்திரை வெயில்ல அலைஞ்சுட்டு வந்தவனுக்குக் குளத்தைப் பார்த்த மாதிரி.”

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். பற்றவைப்பு வேலைக்கு வந்த ரெஜினா. முன்னங்கையில் இரும்பு பற்றவைக்கும்போது தீப்பொறி பட்ட தழும்புகள். “எங்க சித்தி மவன் பரீட்சைக்குப் போகுமுன்னாடி ரெண்டு சொட்டு நாக்குல விட்டுக்கிடுவான். அபயம்னு பேரு. கலியாணப் பொண்ணுக்குக்கூடக் குடுக்காங்க. அது இதுதானா?”

“அதேதான். அதைப் பிடிச்சு அனுப்பத்தான் நாம வந்திருக்கோம். அங்க தண்ணி கலந்து சொட்டுச் சொட்டா விக்கிறாங்க. இங்க சுத்தமா, இருபத்திநாலு மணி நேரமும் சும்மாவே கிடைக்குது.”



“அப்ப எங்களுக்குப் பயம் யாரு தருவா?” என்று கேட்டாள் ரெஜினா.

“அவர் தருவார்” என்று வேதவல்லி கூடத்தின் மூலையைக் காட்டினாள். ஜன்னலுக்கு எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் சுருங்கினான். அவன்தான் சவரிராயன்.

சவரிராயன் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் இடையில் பேருந்து ஓட்டியவன். அத்தனை வருடத்தில் ஒரு மாட்டு வண்டியைக்கூட முந்தியதில்லை என்பது அவன் பெருமை. பயணிகள் அதை வேறு வார்த்தையில் சொல்வார்கள். ஆள் எடுக்க வந்தவர் குரலை உயர்த்திப் பேசியதால், மாட்டேன் என்று சொல்லப் பயந்து கையெழுத்துப் போட்டுவிட்டான். முதல் கப்பல் வந்த முதல் மாதத்தில் ஒருநாள் ஆவி கெட்டியாக எழும்பி, பாதி மேடை கடலுக்குள் இறங்கிப் போனபோது, அடைத்த அறைக்குள் ஓர் ஆளுக்குக் குடல்வால் அறுத்துக்கொண்டிருந்ததால் வேதவல்லி தப்பினாள். வெளியே வந்து பார்த்தால், திறந்து கிடந்த படுக்கைக்கூடத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அழுகைச் சத்தம். அத்தனை ஆவிக்கு நடுவில் ஒரு மனிதன் கட்டில் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடுநடுங்கிக்கொண்டிருந்தான்.

அவன் உடம்பில் மட்டும் ஆவி எடுபடவில்லை. ஏன் என்று வேதவல்லிக்குத் தெரியாது. பூமியில் இருந்த நிபுணர்களுக்கும் தெரியாது. அவர்கள் தங்களுக்குத் தெரியாததற்கு நீளமாக ஒரு பெயர் வைத்து அனுப்பினார்கள். அவனது ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நீரில் ஒரு துளியை உடம்பில் ஏற்றினால் ஒரு நாளைக்குப் பயம் போகாமல் தங்கும் என்பதை மட்டும் அவள் கண்டுபிடித்தாள். அதற்குத்தான் கிலி என்று பெயர் விழுந்தது. அதைப் போல் செயற்கையாகச் செய்து பூமியிலிருந்து ஒரு மருந்து வந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்களுக்கு விக்கல் வந்தது. அவர்கள் விக்கிக்கொண்டே கடலில் இறங்கினார்கள்.

ஆக, மேடையில் அத்தனை பேரும் உயிரோடு இருந்தது ஒரு கோழையின் புண்ணியத்தில். அதற்காக யாரும் அவனை மதிக்கவில்லை. அவன் வரும்போது பின்னாலிருந்து தட்டை டமாரென்று போட்டு, அவன் துள்ளுவதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஆனால் கிலியில் ஒரு வில்லங்கம் இருந்தது. பயம் மட்டும் தனியாக வரவில்லை. எதைக் கண்டு பயமோ அதுவும் சேர்ந்து வந்தது. மேடையில் இருந்த அத்தனை பேரும் பல்லிக்குப் பயந்தார்கள். நீலமணியில் பல்லியே கிடையாது. நடைவழியில் முன்னால் போகிறவரை யாரும் முந்தவில்லை. மெதுவாக நடக்கிற ஒருவருக்குப் பின்னால் இருபது பேர் வரிசையாக, பொறுமையாக நடந்து போவார்கள். பெரிய அதிகாரியான கோதண்டபாணிகூட வாசலில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வருவார். கடலுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. பயம் எதைப் பற்றியது என்று அது பார்ப்பதில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டால் போதும், கால் ஏணிப்பக்கம் போகாது.

ரெஜினா வந்து சில வாரம் கழித்து, சவரிராயன் சாப்பிடும் மேசைக்குப் போய் எதிரில் உட்கார்ந்தாள்.

“என்ன ராயரே, இங்க பல்லியே இல்லியே. அப்புறம் எதுக்கு எனக்குத் தெனமும் பல்லி மேல விழுத மாதிரி இருக்கு?”

அவன் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான். “சின்னதுல ஒருதடவ விழுந்துச்சு. மன்னிச்சுக்கிடுங்க.”

“ஒமக்கு இடின்னா பயம், ஒசரம்னா பயம், ஆபீசர்னா பயம், அடுத்தாளு ஓங்கிப் பேசுனா பயம். எல்லாம் எனக்குள்ளதான ஓடுது? காலையில எந்திரிச்சா படுக்கைய விட்டு எறங்க முடியல. நானும் யோசிச்சேன். இவ்ளோத்தையும் வச்சுக்கிட்டு ஒரு மனுசன் தெனமும் எந்திரிச்சு, பல்லு வெளக்கி, சட்ட மாட்டிக்கிட்டு வெளிய வாறாருன்னா, அவரு லேசுப்பட்ட ஆளு இல்லன்னு தோணிச்சு. அதான் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்.”

அவனைப் பற்றி அப்படி ஒருவரும் பேசியதில்லை. அன்று அவன் பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போனான். மறுநாள் அவளே வந்து மறுபடி எதிரில் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் அவன் முன்னாலேயே வந்து அவளுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். அந்த வருடமே உணவுக்கூடத்தில் காகிதப்பூ கட்டித் தொங்கவிட்டு, கேசரி கிண்டி, கல்யாணம் நடந்தது. வேதவல்லிதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு சவரிராயனின் ரத்தத்தில் கிலி கூடியது. அதே ஒரு குப்பி ரத்தத்தில் முன்பைவிட ஒன்றரை மடங்கு மருந்து கிடைத்தது. வேதவல்லி ஆச்சரியப்பட்டாள். இழக்க ஒன்றுமில்லாதவனுக்கே அவ்வளவு பயம் இருந்ததென்றால், இழக்க ஒன்று வந்ததும் எவ்வளவு இருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். கோதண்டபாணியிடம் தேநீர் குடித்தபடி அதை ஒரு நல்ல செய்தியாகவே சொன்னாள்.

கோதண்டபாணி சென்னைக்காரர். எந்தச் செய்தியையும் கேட்டு உடனே சிரிக்க மாட்டார். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார். “அந்தப் பொண்ணு எந்த வேலையில இருக்கா?”

“பட்டறையில. உள்ளதான்.”

“பட்டறையில என்ன ஆபத்து இருக்கு?” என்றார் அவர். ஏதோ குறையைச் சொல்வது போல.

அடுத்த வாரம் ரெஜினாவை அறுவடைப் படகுக்கு மாற்றினார்கள். கடல்மட்டத்துக்கு மிக அருகில் போய், ஆவியை உறிஞ்சித் தொட்டிகளில் அடைத்துவரும் படகு. ரெஜினாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. காற்று வந்தது. சவரிராயன் மட்டும் மருத்துவ அறைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றான்.

“டாக்டரம்மா, அவள பட்டறைக்கே போடச் சொல்லுங்க. நான் கேட்டா ஆபீசர் ஒரு பார்வ பாப்பாரு, எனக்கு வாய் வராது. நீங்க சொன்னாக் கேப்பாரு.”

“சொல்றேன் சவரிராயன்.”

“அவ போயிட்டு வர்ற வரைக்கும் எனக்கு உசுரு தொண்டையில நிக்கி.”

வேதவல்லி சொல்லத்தான் செய்தாள். கோதண்டபாணி அவளை ஜன்னலருகே கூட்டிப்போய்க் கீழே காட்டினார். மூன்றாவது கப்பலில் குடும்பத்தோடு வந்தவர்கள் முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இவங்களுக்கும் சேர்த்து இப்ப கிலி பத்துது டாக்டர். போன வருஷம் பத்தலை. சீட்டுப் போட்டு யாருக்குன்னு பார்த்தோம், ஞாபகம் இருக்கா? அவருக்குக் கொஞ்சம் கவலை, அவ்வளவுதான். கவலைப்பட்டு யாரும் செத்ததில்லை. சரி, அவளை மாத்திடறேன். யாருக்குக் குப்பியை நிறுத்தணும்னு மட்டும் நீங்க சொல்லிடுங்க.”

அவள் ஒன்றும் சொல்லவில்லை. சவரிராயனிடம் போய், “சொல்லியிருக்கேன், பார்க்கலாம்னு சொன்னார்” என்றாள். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

அதன்பிறகு மேடையில் பல்லிப் பயம் போய்விட்டது. சாயங்காலமானால் முந்நூறு பேருக்கும் நெஞ்சு படபடக்கும். சமையல்காரர்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வருவார்கள், கணக்குப்பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழுந்து வருவார்கள், எல்லோரும் விளிம்புக் கம்பியோரம் நின்று படகு வருகிறதா என்று பார்ப்பார்கள். படகு தெரிந்ததும் ஓர் ஆறுதல் பெருமூச்சு எழும். ரெஜினா ஏணியில் ஏறி வந்து இடுப்பில் கைவைத்து நிற்பாள். “மாமியார் இல்லாத வீடுன்னு சந்தோசப்பட்டு வாக்கப்பட்டேன். இப்ப பாருங்க, முந்நூறு மாமியாரு!” என்பாள். சவரிராயன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, அவள் இரண்டு கையும் இரண்டு காலும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவான்.

ஒருநாள் நடுப்பகலில் படகில் ஒரு தொட்டி வெடித்தது. அடைத்து வைத்திருந்த ஆவி முழுவதும் படகில் இருந்தவர்கள் மேல் அடித்தது. காலையில் போட்ட கிலி அதற்கு முன்னால் எம்மாத்திரம்? கயிற்றில் கால் சிக்கிக்கொண்டதால் ஒருவன் மட்டும் தப்பினான். மீட்புப் படகில் அவனைக் கொண்டுவந்தபோதும் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். கிலி போட்டபிறகுதான் அழ ஆரம்பித்தான். ரெஜினா காலணியைக் கழற்றி, படகின் ஓரத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, முதலில் இறங்கினாளாம். மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து, “வாங்கப்பா, தண்ணி நல்லாருக்கு” என்றாளாம்.

ரத்தம் எடுத்த நாட்களில் சவரிராயன் மத்தியானம் அடித்துப்போட்டது போல் தூங்குவான். அன்றும் ரத்தம் எடுத்திருந்தார்கள். அவன் எழுவதற்குள் கோதண்டபாணி உணவுக்கூடத்தில் எல்லோரையும் கூட்டினார்.

“நம்ம எல்லாருக்கும் துக்கம்தான். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அவருக்கு இது தெரிஞ்சா அப்புறம் அவர் எதுக்குப் பயப்படணும்? பல்லிப் பயமெல்லாம் எப்பவோ போயாச்சு, இப்பப் பயந்ததும் நடந்து முடிஞ்சாச்சு. நாளைக்கு அவர் ரத்தத்துல துக்கம்தான் இருக்கும். துக்கத்தைப் போட்டுக்கிட்டுக் கடலைப் பார்த்தா என்ன ஆகும்னு டாக்டரைக் கேளுங்க.”

எல்லோரும் வேதவல்லியைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது.

வடக்கே புதிதாக ஒரு மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள். ரெஜினாவை அவசரப் பற்றவைப்பு வேலைக்கு அங்கே அனுப்பியிருப்பதாகவும், அங்கிருந்து பேச இன்னும் வசதி வரவில்லை என்றும் சவரிராயனிடம் சொல்வதென்று முடிவாயிற்று. சொல்கிற பொறுப்பு வேதவல்லிக்கு வந்தது. அவன் எழுந்து வந்து கேட்டான். சொன்னாள்.

“வடக்கேயா? சொல்லாமக் கொள்ளாமயா?”

“அவசரம்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க.”

“எப்ப வருவா?”

“வேலை முடியணுமே.”

அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, “சரி டாக்டரம்மா” என்று போய்விட்டான்.

அன்றிலிருந்து சவரிராயனுக்கு மேடையில் ராஜ மரியாதை. யாரும் பின்னால் தட்டைப் போடவில்லை. குழம்பில் அவனுக்கு முதல் கரண்டி. எதிரில் வருகிறவர்கள் வழி விட்டு ஒதுங்கி, தோளைத் தட்டி, நன்றாக இருக்கிறீர்களா என்று விசாரித்தார்கள். சாயங்காலமானால் முந்நூறு பேரும் வழக்கம்போல விளிம்புக்கு வந்தார்கள். ரெஜினா செத்துப்போனது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவன் பயம் அவர்களுடைய ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்ததால், வராத படகுக்காக அவர்கள் நெஞ்சு அடித்துக்கொண்டது. கண்ணை இடுக்கிக்கொண்டு வடக்கே பார்த்து நின்றார்கள். கோதண்டபாணியும் நின்றார். அவளைப் படகில் ஏற்றியவர், அவள் சீக்கிரம் வந்துவிட வேண்டுமே என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றதை வேதவல்லி பார்த்தாள். தன் கையும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

இது மாதக் கணக்கில் நடந்தது. ஒருநாள் உணவுக்கூடத்தில் பரிமாறுகிற பேச்சியம்மாள், சவரிராயன் தட்டில் கூட்டு வைக்கும்போது தாங்க முடியாமல் அழுதுவிட்டாள். “அய்யா...” என்று வாயைத் திறந்தாள். அவன் சட்டென்று எழுந்து, கை கழுவாமலே அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாள் காலை கிலி போட்டுக்கொண்ட வேதவல்லிக்கு ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. கடல் பக்கம் மனம் போகவில்லை. படகு பற்றி நினைப்பே வரவில்லை. பதிலாக, வெளியே யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டதும், கதவைத் தட்டிவிடுவார்களோ, உள்ளே வந்து ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. நடைவழியில் இறங்கிப் பார்த்தாள். மேடை முழுக்க ஒரே அமைதி. எதிரெதிரே வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சாப்பாட்டு மேசையில் முந்நூறு பேர் தலையைக் குனிந்துகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்கள். பக்கத்தில் இருக்கிறவர் வாயைத் திறந்தால் அது சோற்றுக்குத்தான் என்று தெரிந்த பிறகே அடுத்தவருக்கு மூச்சு வந்தது. அன்று சாயங்காலம் விளிம்புக்கு ஒருவரும் வரவில்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சவரிராயனுக்குத் தெரியும். அவன் இப்போது பயப்படுவது, அதை யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுவார்களோ என்றுதான்.

இப்படி ஒரு மனிதனை வைத்துக்கொண்டு இருக்க முடியாது என்று அவள் நினைத்தாள். தெரிந்ததைத் தெரியாதது போல் அவன் தினமும் சுமக்கிறான், அதை நாம் தினமும் ஊசியால் உறிஞ்சுகிறோம். போய்ச் சொல்லி, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். இரண்டு முறை அவன் அறை வாசல் வரை போனாள். இரண்டு முறையும் கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டாள். அவளுக்குள் ஓடியதும் அவன் பயம்தானே. சொல்லிவிடுவார்களோ என்கிற பயத்தைப் போட்டுக்கொண்டு எப்படிச் சொல்வது?

ஆகவே ஒருநாள் காலையில் வேதவல்லி கிலி போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பல் விளக்கினாள், தலை சீவினாள். பிறகு மெல்ல, வெகுநாளாகச் சுமந்துகொண்டிருந்த மூட்டை ஒன்றை யாரோ தலையிலிருந்து இறக்கியது போல் இருந்தது. வெளியே வந்தாள். வெயில் அழகாக இருந்தது. கடல் எவ்வளவு நீலம்! இத்தனை வருடமாக இதைச் சரியாகப் பார்க்கவே இல்லையே என்று இருந்தது. சவரிராயனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது ஒரு சின்ன வேலை. சொல்லிவிட்டு அப்படியே இறங்கி ஒரு குளியல் போட்டுவிட்டு வரலாம். யாரோ எதிரில் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

கதவைத் தட்டாமல் திறந்தாள். சவரிராயன் கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் ஊசி கீழே விழுந்தது.

“கிலி போடலியா டாக்டரம்மா?”

“இல்லை. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லிட்டுக் குளிக்கப் போறேன்” என்றாள் அவள், கல்யாண வீட்டுக்கு வந்தவள் போல மலர்ச்சியாக. “ரெஜினா இருக்காளே...”

அவன் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினான். இன்னொரு கையால் கதவைத் தாழிட்டு, அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டான். 

“வேண்டாம். சொல்லாதீங்க. தெரியும்.”

அவள் அவன் கையை விலக்கினாள். “தெரியுமா? அப்ப நல்லதாப் போச்சு. எப்படித் தெரியும்?”

“அன்னைக்குச் சாயங்காலமே தெரியும். ஒருத்தனாவது என்னைக் கேலி பண்ணுனானா? தட்டைப் போட்டானா? எல்லாரும் என்னைப் பாத்துப் பாசமாச் சிரிச்சாங்க. எங்கம்மா செத்தன்னைக்கு டிப்போவுல அப்படித்தான் சிரிச்சாங்க.”

“அப்ப இன்னொண்ணும் சொல்லிடறேன். அவளைப் படகுல போட்டதுக்குக் காரணம் நான்தான். கல்யாணத்துக்கு அப்புறம் உங்க ரத்தத்துல...”

“அதுவும் தெரியும்” என்றான் அவன். குரல் எழும்பவில்லை. “ரத்தம் எடுக்கும்போது உங்க முகத்தைத்தான பாத்துக்கிட்டு இருப்பேன்? வேற எங்க பாக்க? ஊசியப் பாத்தா எனக்குப் பயம். கலியாணத்துக்குப் பொறவு உங்க முகத்துல ஒரு சந்தோசம் வந்துச்சு. அவள மாத்துன பொறவு அது இல்ல. எனக்குப் படிப்பு இல்லதான். ஆனா பயந்தவனுக்கு அடுத்தவன் முகத்தப் பாக்குறதுதான் தொழிலு.”

“எல்லாம் தெரிஞ்சா அப்புறம் சொன்னா என்ன?” என்றாள் அவள். அவளுக்கு உண்மையிலேயே புரியவில்லை. இவ்வளவு நல்ல வெயிலில் இந்த மனிதன் எதற்கு இப்படி நடுங்குகிறான் என்று இருந்தது.

“ஒங்களுக்கு லேசாகணும். அதுக்கு நான் சுமக்கணுமா?” முதல் தடவையாக அவன் அவளை நேராகப் பார்த்தான். “ஊருக்காக நான் வாயப் பொத்திக்கிட்டு இருக்கேன்னு நினைக்காதீங்க. இந்த ஊரு எறங்கிப் போனா எனக்கு என்ன? ஒருத்தரும் சொல்லாத வரைக்கும் அவ வடக்க வேலை செய்யுதா. வரலாம், வராமலும் இருக்கலாம். அந்த ‘வராமலும்’ங்கிறதுலதான் நான் இப்பக் குடியிருக்கேன். நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா அது இடிஞ்சு போயிரும். பொறவு எனக்குப் பயப்படக்கூட ஒண்ணும் இருக்காது டாக்டரம்மா. அவ எனக்கு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்.”

வேதவல்லி தலையாட்டினாள். பாவம், நல்ல மனிதன் என்று நினைத்தாள். அந்த நினைப்பில் ஒரு கனமும் இல்லை. “சரி, அப்ப நான் குளிக்கப் போறேன்” என்று தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அவன் அவள் கையைப் பிடித்து முறுக்கினான். சண்டை போட்டுப் பழக்கமில்லாதவன். அவள் ஓங்கி ஒரு அறை விட்டாள், அவன் வாங்கிக்கொண்டான். ஒவ்வொரு அறையிலும் அவசரத்துக்கென்று சுவரில் ஒரு கிலிக் குப்பி மாட்டியிருக்கும். ஒரு கையால் அவளைக் கதவோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, மறு கையால் குப்பியை எட்டி எடுத்தான். ஊசியைப் பார்க்காமல் இருக்கக் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் தோளில் குத்தினான்.

அது அவளுக்குள் இறங்கியது.  எல்லாம் ஒரே சமயத்தில் வந்தது. படகோரத்தில் ஜோடியாக இருந்த காலணிகள், ஜன்னலருகே தான் வாய் திறக்காமல் நின்றது, உள்ளே வந்து மலர்ந்த முகத்தோடு தான் பேசிய பேச்சு. ஓ என்று அழ வேண்டும் போல் இருந்தது. அழுதால் அதுவே சொன்னதாகிவிடுமோ என்கிற பயமும் வந்தது. புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில் சாய்ந்து அவனும் உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒரே பயத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் முதலில் பேசிவிடுவார்களோ என்பதுதான் அந்தப் பயம்.

கடைசியில் அவன்தான் பேசினான். “வடக்க இப்பக் குளிரு அதிகம்னு சொல்லுதாங்க.”

அவள் தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். “ஆமா” என்றாள். “கம்பளி அனுப்பியிருக்காங்க.”

“அப்ப சரி” என்றான் சவரிராயன்.

மறுநாள் ரத்தம் எடுக்கிற நாள். அவன் வந்து சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தான். வேதவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊசியைப் போட்டாள். அவன் பார்க்க முகமில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் கோதண்டபாணி மருத்துவ அறைக்கு வந்தார். வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்து, யாரும் தன்னிடம் எதுவும் சொல்ல வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே வந்தார். தாழ்ந்த குரலில்தான் பேசினார். மேடையில் எல்லோரும் இப்போது அப்படித்தான்.

“அளவு எக்கச்சக்கமாக் கூடியிருக்கே டாக்டர்! நாலாவது கப்பலுக்கும் தாராளமா ஆள் கூப்பிடலாம் போல இருக்கே. அவர்கிட்ட என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் சொல்லலை” என்றாள் வேதவல்லி.

கோதண்டபாணி முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி பரவியது. “சொல்லாதீங்க” என்றார். “எனக்கும் சொல்லாதீங்க.”